நோயில்லாத விதைக்குச்சி கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கடந்த தை மாதம் உங்கள் பரிந்துரையின் பேரில் வாங்கி நட்ட குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியைப் பற்றியது இந்த மடல். அதைத் தாக்கும் தேமல் என்னும் வைரஸ் நோய் இன்னதென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வயலுக்கு நீங்கள் வராததால், அங்கே கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

நட்ட மூன்றாம் வாரத்தில் விரிந்த முதல் இலைகளே மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வெளுத்து, ஒரு பக்கம் கோணிச் சுருங்கியிருந்தன. வெள்ளை ஈ கொண்டுவந்த நோயென்றால் அடியிலைகள் தெளிவாக இருக்கும், பின்னால் வரும் இலைகளில்தான் தேமல் தெரியும் என்று பயிற்சி வகுப்பில் நீங்களே சொல்லித் தந்தீர்கள். ஆகவே நோய் குச்சிக்குள்ளேயே வந்திருக்கிறது. என் மனைவியும் நானும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினோம். ஒரு ஏக்கரில் ஊன்றிய ஏறத்தாழ 5,000 கரணைகளில், அதாவது குச்சித் துண்டுகளில், 1,800க்கும் மேல் தேமல். அவற்றைப் பிடுங்கி வரப்போரம் குவித்த அன்று, தன் நகையை அடகு வைத்து நட்ட பயிர் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையிலிருந்த செடியின் வேர்மண்ணை உதறிக்கொண்டே நின்றாள்.

முறையிட்டபோது கிடைத்தது பூச்சிமருந்துச் சீட்டு. மருந்து வெள்ளை ஈயைக் குறைக்கலாம், செடிக்குள் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. டெங்கு கண்டவரின் வீட்டில் கொசுமருந்து அடித்தால் அடுத்தவருக்குப் பரவுவது குறையலாம், படுத்திருப்பவரின் காய்ச்சல் தணியாது. குச்சிக்கிழங்கில் நிலைமை இன்னும் கடினம். நாங்கள் விதை ஊன்றுவதில்லை, தாய்ச்செடியின் உடம்பையே வெட்டி ஊன்றுகிறோம். நோயுற்ற ஒரு செடியில் பத்துக் கரணை வெட்டினால் அநேகமாகப் பத்தும் நோயோடுதான் முளைக்கும். விதைக்குச்சி லாரியேறிப் போகும் தூரத்துக்கு எந்த வெள்ளை ஈயும் பறப்பதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது நோயில்லாத விதைக்குச்சி. அறுவடையில் இலையுதிர்ந்து நிற்கும் தண்டைப் பார்த்து எவராலும் நோயைச் சொல்ல முடியாது. இலை செழித்திருக்கும் மாதங்களிலேயே விதைக்குச்சி வயல்களைச் சுற்றிப் பார்த்து, தேமல் இல்லாத செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றில் வெட்டியதை மட்டுமே பரிந்துரையுங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா ரகத்தை உருவாக்கியிருக்கிறது. இரண்டு கணுத் துண்டுகளை நிழல்வலையில் வளர்த்துப் பெருக்கும் முறையையும் தந்திருக்கிறது. இவை எங்கள் வயல் வந்து சேர என்ன தடை? சொட்டுநீருக்கு மானியம், தெளிப்பானுக்கு மானியம் என்று அலைபேசியில் செய்தி வந்தபடியே இருக்கிறது. பயிரின் அடிப்படையான குச்சிக்கு ஒரு சான்று கேட்டால் பதிலில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கை மாறவில்லை, நோயில்லாத விதைக்குச்சி வேண்டும்.

மார்கழியில் அடுத்த நடவு தொடங்கிவிடும். அடையாளம் கட்ட ஆடிக்குள் வர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் வயலில் மிஞ்சிய செடிகளிலிருந்தே தொடங்கலாம். வரிசைகளைக் காட்ட நானும் உடன் நடக்கிறேன்.

இப்படிக்கு,
குச்சிக்கிழங்கு விவசாயி ஒருவர்