2025–26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: இளையோர் அணியும் அதற்கு நாம் தர வேண்டிய காலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்து வளர்ந்தவர்கள் நிறைந்த இந்த அவையில், நம் சங்க அணி இவ்வாண்டு ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் தோற்றது என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். மூத்த வீரர்கள் பலர் வேலை நிமித்தம் வெளியூர் சென்றுவிட்ட நிலையில், பிற ஊர் ஆட்டக்காரர்களை வரவழைக்காமல், பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கொண்டே அணியைப் புதிதாக அமைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். தோல்விகள் வரும் என்று தெரிந்தே எடுத்த தீர்மானம் அது.

தோற்ற விதத்தை உறுப்பினர்கள் கவனித்திருப்பீர்கள். மூன்றாம் கால்பகுதி வரை சமமாக நின்றுவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடங்களில் கோல் வாங்கிய ஆட்டங்களே அதிகம். மண் தரையில் பழகிய கை, பந்து துள்ளி வரும் என்று எண்ணி மட்டையைச் சற்று உயர்த்தியே வைத்திருக்கும். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையிலோ பந்து தரையை ஒட்டி விரைந்து வருவதால், ஆட்டம் முழுவதும் இடுப்பைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு வைத்தே ஓட வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதுக் கால்கள் மூன்று கால்பகுதிகளுக்கு மேல் அதைத் தாங்கவில்லை. திறமையில் குறை காண்பதற்கு இங்கே ஒன்றுமில்லை; உடல் வளர்ந்து வலுப்பெற வேண்டும், புல்தரையில் பயிற்சி நாள்கள் கூட வேண்டும், இரண்டுக்கும் காலம் வேண்டும்.

எதிரணி தன் கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னர்களை ஏன் டிராக் ஃப்ளிக்காக (பந்தை மட்டையால் இழுத்து வந்து கோலை நோக்கிச் சுழற்றி வீசும் அடியாக) அடிப்பதில்லை என்று சிலர் எழுத்து மூலம் கேட்டிருந்தீர்கள். அந்த அடிக்கு முதுகின் கீழ்ப்பகுதியை முறுக்கித் திருப்ப வேண்டும். எலும்பு முற்றாத வயதில் நாள்தோறும் நூறு முறை அதைச் செய்யவைத்தால், இருபது வயதில் ஆட வேண்டிய பையன் முதுகுவலியோடு வீட்டில் இருப்பான். எனவே பயிற்சியாளர் அதற்கு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறார். அந்த வரம்பினால் சில கோல்களை இழந்தோம் என்றாலும் நிர்வாகக் குழு அவர் பக்கமே நிற்கிறது.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் இடைவேளைக்குள் நான்கு கோல்கள் விழுந்தபோது, பார்வையாளர்களின் சத்தத்துக்கு நான் பணிந்து, இளம் கோல் கீப்பரை வெளியே எடுக்குமாறு பயிற்சியாளரை வற்புறுத்தினேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மூன்று வாரங்கள் மைதானத்துக்கு வரவில்லை. நானும் பயிற்சியாளரும் வீட்டுக்குச் சென்று பேசி, அடுத்த ஐந்து ஆட்டங்களுக்கும் அவனே கீப்பர் என்று உறுதி சொன்ன பிறகே திரும்பினான். அந்த ஐந்தில் மூன்றில் தோற்றோம். ஆனால் கடைசி ஆட்டத்தில் பந்தைத் தடுக்க வட்டத்தின் விளிம்பு வரை அவன் துணிந்து ஓடி வந்ததைக் கண்டபோது, அவனை வெளியே எடுக்கச் சொன்ன நாளை எண்ணி மிகவும் வருந்தினேன்.

பொறுமையின் பலனுக்கு நாட்டின் அணியே சான்று. இந்திய ஆடவர் அணி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதியே பெறவில்லை. 2012 லண்டனில் பன்னிரண்டாவதாக, கடைசி இடத்தில் முடித்தது. 2016இல் லக்னோவில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற அணியிலிருந்து ஹர்மன்பிரீத் சிங், சிம்ரன்ஜீத் சிங் போன்றோர் மூத்தோர் அணிக்கு வந்து, 2021இல் டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் பெற்றுத் தந்தனர். ஜெர்மனியை 5–4 என வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்த சிம்ரன்ஜீத், முதலில் மாற்று வீரராகவே டோக்கியோ சென்றவர். நம் ஊர் விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியதை நாம் கொண்டாடினோம். அதற்கு முன் அவர்கள் பயிற்சியில் கழித்த ஆண்டுகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையின்போது நம் பிள்ளைகளை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 எனத் தோற்ற இந்திய அணி, சென்னையில் நடந்த வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 0–2 எனப் பின்தங்கியிருந்து, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் அடித்து வென்றதை அவர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பரிசுத் தொகை உள்ள போட்டிகளுக்கு மட்டுமாவது வெளியூர் வீரர்களைச் சேர்க்கலாம் என்ற யோசனையை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. ஒவ்வொரு வெளியூர் வீரருக்கும் நம் பிள்ளை ஒருவன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இதே அணியையும் இதே பயிற்சியாளரையும் மேலும் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடரவும், புல்தரைப் பயிற்சிக்கான போக்குவரத்துச் செலவுக்கும் கோல் கீப்பரின் உயரத்துக்கு ஏற்ற புதிய கால் காப்பு, ஹெல்மெட் வாங்குவதற்கும் நிதி ஒதுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்