கேள்வி கேட்டவர்களின் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அந்த முடிவுக்கான பொறுப்பு முழுவதையும் வாக்காளர்களின் அறியாமை மீது சுமத்தியிருந்தது. காமன்வெல்த் நாட்டவருக்கு இருந்த உரிமையின்படி, இந்தியக் குடியுரிமையோடு இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டே, அந்த முடிவை எடுத்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவன் நான். ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றே வாக்களித்தேன், தோற்றேன். ஆனாலும் மறுபக்கம் வாக்களித்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

2016 ஜூன் 23 அன்று ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர் விலகுவதற்கும், 1 கோடியே 61 லட்சம் பேர் நீடிப்பதற்கும் வாக்களித்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட சீட்டில் இருந்தது, நீடிப்பதா விலகுவதா என்ற ஒரே கேள்விதான். விலகினால், சரக்கும் மக்களும் தடையின்றிச் செல்லும் ஒற்றைச் சந்தையில் தொடர்வதா, உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, பிரிட்டனைச் சேர்ந்த வடக்கு அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லை என்னவாகும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே விலகல் என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த பொருளைக் கொண்டார்கள். அந்தச் சொல்லின் பொருள் எது என்பதில் நாடாளுமன்றத்தாலேயே பின்னர் ஒத்துப்போக முடியவில்லை. 2019 ஜனவரியில் அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றபோது, விலகலை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே அதை வீழ்த்தினார்கள். படித்துப் பதவியில் இருந்தவர்களுக்கே பிடிபடாத ஒன்றைச் சாதாரண வாக்காளர் அறிந்திருக்கவில்லை என்று பழிப்பது எந்த வகையில் நியாயம்?

அப்போது பிரதமராக இருந்த டேவிட் கேமரன் 2013 ஜனவரியில் இந்த வாக்கெடுப்பை வாக்குறுதியாக அளித்ததற்கு அவருடைய கட்சிக்குள் நீண்ட காலமாகப் புகைந்துகொண்டிருந்த பூசல் முக்கியக் காரணம் என்பது ஊரறிந்த செய்தி. அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, விலகல் வென்றால் என்ன செய்வது என்று திட்டமிடும்படி முக்கியத் துறைகளுக்கு அவருடைய அரசு உத்தரவிடாமல் இருந்ததுதான். இதை மிகக் கடுமையான அலட்சியம் என்று நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவே பின்னர் கண்டித்தது. முடிவு வெளியான காலையிலேயே அவர் பதவி விலகலை அறிவித்தார்.

ஆனால் கேமரன் ஒருவரோடு கணக்கை முடித்துக்கொள்வதும் தவறு. 2015 ஜூனில் வாக்கெடுப்புச் சட்ட முன்வரைவு இரண்டாம் வாசிப்புக்கு, அதாவது அதன் நோக்கத்தை ஏற்பதா என்ற கட்டத்துக்கு, வந்தபோது, எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் சேர்ந்து ஆதரிக்க, 544க்கு 53 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்றோ, குறைந்தபட்சம் இத்தனை விழுக்காடு வேண்டும் என்றோ அந்தச் சட்டம் சொல்லவில்லை. தனிச் சட்டமன்றம் அமைப்பது பற்றி 1979இல் ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்புக்கு, மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு தேவை என்று முன்கூட்டியே விதி வகுத்ததும் இதே நாடாளுமன்றந்தான். அங்கு வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தும் அந்த அளவை எட்டாததால் சட்டமன்றம் அமையவில்லை. அந்த விதி சரியா என்பது வேறு வாதம். விதி என்ன என்பது வாக்களிப்பதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2016இல் அப்படி எதையும் வகுக்காமல் விட்டுவிட்டு, 51.9 விழுக்காடு போதாது என்று பிறகு வாதிட்ட என் நண்பர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

இரண்டாவது வாய்ப்பும் நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தது. ஒன்றியத்துக்கு விலகல் அறிவிப்பை அனுப்ப நாடாளுமன்றத்தின் சட்டம் தேவை என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்படி விலகுவது என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு காணாமலே உறுப்பினர்கள் அதற்கும் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். மார்ச் 29 அன்று அறிவிப்பு போனது, விலகலை முடிப்பதற்கான இரண்டு ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கியது.

பரப்புரை செய்தவர்களின் பங்கும் சிறிதன்று. வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது என்று பேருந்தில் எழுதி ஓட்டிய விலகல் தரப்பினர், அந்தத் தொகை தவறான எண்ணத்தைத் தருகிறது என்று புள்ளியியல் ஆணையம் எச்சரித்த பின்பும் நிறுத்தவில்லை. நான் ஆதரித்த தரப்பும், விலகுவதாக வாக்களித்த உடனேயே பொருளாதாரம் சுருங்கும் என்று அச்சுறுத்தியது. அவர்கள் சொன்ன வேகத்தில் அது நடக்காதபோது மக்களின் நம்பிக்கை மேலும் குறைந்தது.

வாக்காளனாகிய எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என் பக்கத்து வீட்டில் இருந்த போலந்துக் குடும்பம் எனக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்து வரி கட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வாக்கு இல்லை, எனக்கு இருந்தது. அந்த நிலையில் நான் வாக்குச்சாவடிக்குப் போய்விட்டு வந்தேனே தவிர, அவர்களுக்காக ஒருவரிடமும் பேசவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கட்டுரையாளர் இப்பொருள் பற்றி மீண்டும் எழுதுவதாக இருந்தால், அந்த 544 உறுப்பினர்கள் அன்று என்ன நினைத்துக் கை தூக்கினார்கள் என்பதையும் ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
இங்கிலாந்து