பாப்பாவின் நாக்கைப் பார்த்தவருக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

எங்கள் பாப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் செக்கப்புக்காகச் சென்னை போய் வந்தோம். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த டாக்டர், "இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்" என்றார். அந்த வார்த்தையைக் காதால் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எழுத மனசு வரவில்லை.

யார் பெயரையும் நான் இதில் எழுதவில்லை. கேட்டபோது பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரின் பெயரே எனக்குத் தெரியாது. ஆனால் வாசிக்கும்போது உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் அங்கன்வாடி டீச்சருக்கு. மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே எங்கள் ஊருக்கு அன்றைக்கு ஆர்.பி.எஸ்.கே. வண்டி வருவதாக இருந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஏதாவது நோய், குறை இருக்கிறதா என்று டாக்டர்கள் வந்து பார்க்கிற அரசுத் திட்டம் அது; 2013-ல் தொடங்கியது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒரு நாள் கூலி போனா போகட்டு, பிள்ளைய எடுத்துட்டு வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாப்பாவுக்கு அப்போது பத்து மாதம். எடை ஆறரை கிலோதான். மாதாமாதம் தராசில் வைத்துக் குறித்தவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்கு முன் நாலு மாதமாக நாங்கள் ஒரு கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாலு இழுப்புப் பால் குடித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்குவாள். அழுதால் முகம் மங்கிப்போகும். சளி என்றார்கள். சிரப் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வேறு சிரப். என் மாமியார், பிள்ளை அப்பனைப் போலக் கறுப்பு, அழும்போது இன்னும் கறுக்கிறது என்று சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வண்டியில் வந்த டாக்டரம்மா ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தார். எடுக்கவே இல்லை. வெளியே பிள்ளைகள் கூச்சல் போட, ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். அப்புறம் பாப்பாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து நாக்கைப் பார்த்தார். "நிறம் கறுத்த பிள்ளைக்கு உதட்டில் நீலம் தெரியாதும்மா. நாக்கையும் நகத்தையும்தான் பார்க்கணும்" என்றார். என் நாக்கை நீட்டச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பத்து மாதமாக என் மடியில் கிடந்த பிள்ளை. நாவல்பழம் தின்ற மாதிரி அந்த நாக்கு இருந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கால் பெருவிரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 78 சதவீதம் என்று காட்டியது. 95-க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

டாக்டரம்மா, அன்று உங்கள் முன்னால் ஐம்பது பிள்ளைகளாவது வரிசையில் இருந்தார்கள். நீங்கள் என் பிள்ளைக்கு அந்த நேரத்தைக் கொடுத்தீர்கள். அதற்கு நான் என்ன சொல்ல?

கூட வந்த நர்சக்காதான் எனக்குச் செய்தியைப் பக்குவமாகச் சொன்னார். "மக்களே, இது சளி இல்ல கேட்டியா. நெஞ்சுக்குள்ள ஏதோ இருக்கு. பேடிக்காத, நான் கூட வாறேன்." சொன்னபடி மறுநாள் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வடசேரியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனோம். அங்கே இருக்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு வைத்தியம் பார்க்கிற இடம்) எங்கள் பெயரைப் பதிந்து, எக்கோவுக்குக் கூட்டிப்போய், முடிவு வரும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

எக்கோ முடிவில் 'ஃபாலோவின் நாலு குறைபாடு' (டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ) என்கிற பிறவி இதய நோய் என்று இருந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து சொல்லித் தந்தார். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழி குறுகல். மகாதமனி அந்த ஓட்டைக்கு மேலே தள்ளி இருக்கிறது. வலது கீழறையின் சுவர் தடித்துவிட்டது. கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகாமல் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போகிறது, அதுதான் நீலம். நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனேனா, எதையாவது தூக்கினேனா என்று ஊரில் கேட்டிருந்தார்கள். அவரிடம் அழுதுகொண்டே அதைக் கேட்டேன். "ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டுப் பத்துக் குழந்தைக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நீ ஒன்றும் செய்யவில்லை" என்று என் மாமியாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். சார், நீங்கள் அன்றைக்கு எனக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தீர்கள்.

ஆபரேஷன் தேதி வருவதற்குள் ஒரு காலை நேரம். குளிப்பாட்டும்போது அழத் தொடங்கிய பாப்பா நிறுத்தவில்லை. மூச்சு வேகமாகி, உடம்பு முழுக்க நீலமாகி, கண் சொருகியது. நர்சக்காவுக்குப் போன் போட்டேன். "108-க்கு நான் சொல்லுறேன். நீ பிள்ளையோட ரெண்டு கால் முட்டியையும் மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடி. விடாத" என்றார். ஆசாரிபள்ளத்தில் சொல்லித் தந்ததுதான், பதற்றத்தில் எனக்கு மறந்துவிட்டது. முட்டியை மடக்கினால் கீழ்ப்பக்கம் போகிற ரத்தத்துக்குத் தடை கூடும், அதனால் நுரையீரல் பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போகும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஈரத்தோடு பிள்ளையைச் சுருட்டி நெஞ்சோடு வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. அக்கா போனை வைக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறவரை, "முட்டி மடங்கியிருக்கா? மடங்கியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சரி, காகிதக் கதைக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் இலவசம். குடும்பத்தின் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார், நான் ஈ.எஸ்.ஐ. இல்லாத ஒரு சின்ன அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலை) பருப்புத் தோல் எடுக்கிறேன். தகுதியில் பிரச்சினை இல்லை. ஆனால் ரேஷன் கார்டில் பாப்பாவின் பெயர் ஏறவில்லை, என் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் கார்டில் ஒரு மாதிரியும் இருந்தது. ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் இடுப்பில் நீலம் பாரித்த பிள்ளையோடு நின்றேன். அதை மறக்க முடியவில்லை. கடைசியில் எங்கள் கிராம நிர்வாக அலுவலர் சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் வைத்து வருமானச் சான்றில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இ-சேவை மையத்துத் தங்கச்சி கடையைப் பூட்டாமல் இரவு ஒன்பது மணிவரை இருந்து பெயர்த் திருத்தத்தைப் பதிவு செய்தாள். கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் எங்கள் காகிதங்களைத் தானே அடுக்கி, எது எதற்கு நகல் வேண்டும் என்று பென்சிலால் எழுதித் தந்தார். ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் அந்த இலவசம் வரைக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்.

எல்லைக்கு அப்புறம் கேரளத்துப் பாறசாலையில் இருக்கிற எங்கள் நாத்தனார் வீட்டுக்காரருக்கும் நன்றி. கேரளத்தில் இதே நோய்க்கு 'ஹிருத்யம்' என்று ஒரு திட்டம் 2017 முதல் இருக்கிறது. அங்கே பதிந்துவிடலாமா என்று அலைந்து விசாரித்தார். அது கேரளத்துப் பிள்ளைகளுக்கானது. களியக்காவிளை தாண்டினால் நாத்தனார் வீடு. 1956 நவம்பர் 1-ல் பிரிக்கிறவரைக்கும் அவர்களும் நாங்களும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். முடியவில்லை என்று தெரிந்தபோது அவர்தான் எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

அண்டி ஆபீஸ் அக்காமார்களே, உங்களுக்கு எப்படி எழுத? கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரு கைலேஞ்சி (கைக்குட்டை) முடிச்சு வரிசையாகக் கை மாறி என்னிடம் வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பத்து ரூபாய் நோட்டிலிருந்து ஐந்நூறு வரைக்கும். 11,340 ரூபாய். அண்டி தல்லுகிற (முந்திரிக்கொட்டை உடைக்கிற) அக்காமாரின் விரல் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். சில நோட்டில் அந்தக் கறை அப்படியே இருந்தது. அதில் யார் எவ்வளவு போட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. அந்தப் பணத்தில்தான் 23 நாள் சென்னையில் சாப்பிட்டோம், படுத்தோம்.

உங்களில் ஒருவர் அன்று சாயங்காலம் தன் பேரனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். 2008-ல் தொடங்கிய இளஞ்சிறார் இருதய பாதுகாப்புத் திட்டத்தில் பள்ளிக்கூடத்து வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவன் அந்தத் தம்பி. இப்போது வேலைக்குப் போகிறான், சாயங்காலம் பந்து விளையாடுகிறான். "அக்கா, பாருங்க" என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காட்டினான். நெஞ்சு நடுவே கழுத்துக்குக் கீழிருந்து ஒரு வெள்ளைக் கோடு. தொட்டுப் பார்க்கச் சொன்னான். தொட்டேன். அன்று இரவுதான் பல நாளைக்குப் பிறகு நான் தூங்கினேன்.

எங்கள் வீட்டுக்காரரோடு வெட்டுக்குப் போகிற அண்ணன் ராத்திரி மூன்று மணிக்கே எழும்பி, தன் மரங்களை வெட்டிவிட்டு இவர் பங்கு மரங்களையும் வெட்டினார். ஒட்டுப்பால் காசுவரைக்கும் கணக்குப் பார்த்துப் பணத்தை இவர் கணக்கில் போட்டார். அண்ணே, வேலை போய்விடுமோ என்கிற பயம் இல்லாமல் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது உங்களால்தான். குழித்துறை ஸ்டேஷன் கவுண்டரில் இருந்தவர், இதய ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை உண்டு, டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும் என்று தானாகவே சொன்னார். ரத்தம் வேண்டும் என்றபோது எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் போன் போட, சென்னையில் படிக்கிற நாலு பையன்கள் காலை ஆறு மணிக்கே ரத்த வங்கி வாசலில் நின்றார்கள். ஒருவனுக்கு அன்று பரீட்சை. கொடுத்துவிட்டு நேரே பரீட்சைக்கு ஓடினான். தம்பி, பாஸ் ஆகிவிட்டாயா?

ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கும், மயக்க மருந்து கொடுத்தவருக்கும், இதயத்தை நிறுத்தி வைத்த நேரம் மிஷினில் ரத்தத்தை ஓட்டியவருக்கும் என் கும்பிடு. ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைத்து, குறுகின வழியை அகலமாக்கினீர்கள். காத்திருந்த நேரத்தில் ஒரு பயிற்சி டாக்டர் எங்களோடு உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். 1944-ல் அமெரிக்காவில் பால்டிமோரில்தான் இப்படி நீலம் பாரித்த குழந்தைக்கு முதல் ஆபரேஷன் நடந்ததாம். சர்ஜனுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் விவியன் தாமஸ் என்கிற கறுப்பினத்தவர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை, தச்சு வேலை பழகியவர். ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்துப் பார்த்து அந்த ஆபரேஷனை உருவாக்கியதில் அவர் கை பெரியது. எங்கள் அப்பாவுக்கும் தச்சு வேலைதான். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உளியைக் கழுவித் துடைத்து வைத்தார். அந்த விவியன் தாமஸுக்கும் இந்த மடலில் என் நன்றியைச் சேர்க்கிறேன்.

ஐ.சி.யூ. சிஸ்டர், நீங்கள் கேரளத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டபோது குழாய்களைப் பார்த்து நான் தள்ளாடினேன். நீங்கள் எதுவும் பேசாமல் போர்வையின் கீழ் ஓரத்தைத் தூக்கி, பாப்பாவின் கால் விரல்களைக் காட்டினீர்கள். பத்து நகமும் சிவந்திருந்தன. டிஸ்சார்ஜ் அன்று, ஆறு வாரம் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, பிடரியிலும் புட்டத்திலும் கை வைத்து வாரி எடுக்க வேண்டும் என்று ஒரு தலையணையை வைத்து என்னை ஐந்து தடவை செய்ய வைத்தீர்கள். இன்றைக்கும் என் கை அப்படித்தான் போகிறது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த ராமநாதபுரத்து அக்கா, உங்கள் மகன் எப்படி இருக்கிறான்? அவனுக்கு ஓட்டை மட்டும்தான், நீலமே இல்லை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், அடிக்கடி நிமோனியா வரும், எடை ஏறாது என்று நீங்கள் சொன்னதை நான் எங்கள் அங்கன்வாடியில் தாய்மாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாக்கையும் பார்க்கச் சொல்கிறேன்.

பாப்பா இப்போது ஒன்பதரை கிலோ. சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். கோழியைத் துரத்துகிறாள். அழுகிறாள், நன்றாகச் சத்தம் போட்டு அழுகிறாள், நான் ஓடிப்போய் முட்டியை மடக்குவதில்லை. பெரியவளானதும் வால்வு மாற்ற வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒருவர் பாக்கி. போகும்போது அனந்தபுரி எக்ஸ்பிரசில், திருநெல்வேலியில் ஏறிய ஓர் அம்மா. நடு பெர்த்தில் பிள்ளையோடு நான் படும் பாட்டைப் பார்த்துத் தன் கீழ் பெர்த்தைத் தந்தார். இரவு முழுக்க வெந்நீர் கேட்டுக் கேட்டுத் தன் ஃபிளாஸ்கில் இருந்து ஊற்றித் தந்தார். விடியற்காலையில் நான் கண் முழித்தபோது அவர் தாம்பரத்தில் இறங்கிப் போயிருந்தார். ஃபிளாஸ்க் என் தலைமாட்டில் இருந்தது. அம்மா, பச்சை மூடி, பக்கவாட்டில் ஒரு நெளிசல். கழுவி வைத்திருக்கிறேன். நீங்கள் எந்த ஊர் என்று தெரிந்தால் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்து கையில் தருவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா
விளவங்கோடு தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்