குலம் மட்டுமா தேர்வு?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ரத்தக்காட்டேரி கேம்களை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். எத்தனை விதப் பாத்திரங்களில் ஆடலாம் என்பதை வைத்தே மதிப்பெண். அதனால் 2004-இல் வந்த ‘பிளட்லைன்ஸ்’ முதலிடம், 2018-இன் ‘வாம்பிர்’ கடைசி. முதலிடத்தோடு எனக்குச் சண்டையில்லை. கடைசி இடம்தான் உறுத்துகிறது.

பிளட்லைன்ஸில் நாம் ஆடும் காட்டேரிக்கு ஏழு குலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், சரி. நொஸ்ஃபெராட்டு குலத்தை எடுத்துப் பாருங்கள். அவ்வளவு கோரமான முகம். காட்டேரிகள் இருப்பது மனிதருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. தெருவில் மனிதர் யாராவது பார்த்துவிட்டாலே விதிமீறல். ஐந்து முறை மீறினால் ஆட்டம் காலி. லாஸ் ஏஞ்சலஸ் முழுக்கச் சாக்கடை வழியாகவே போய்வர வேண்டியதுதான். மால்கேவியன்களோ சித்தம் கலங்கியவர்கள். சாலையோர ‘ஸ்டாப்’ பலகையோடு சண்டை போடுவார்கள். அவர்கள் பேசும் வசனங்களே தனியாக எழுதப்பட்டவை. நான் முதல் தடவை அந்தக் குலத்தில்தான் ஆடினேன். வெறும் உளறல் என்று தாண்டிப் போனதிலெல்லாம் பின்னால் வரப்போகும் கதை ஒளிந்திருந்தது இரண்டாம் தடவைதான் புரிந்தது. மற்ற ஐந்து குலங்களில் இந்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. வென்ட்ரூவுக்கு எலி ரத்தம் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். என் கணக்கில் ஏழுக்கு இரண்டு தேறும். கடைசிப் பகுதியில் அதுவும் போய்விடுகிறது. பேச்சுத் திறமையில் புள்ளிகளைக் கொட்டியவர்களும் வாளைத் தூக்கியே ஆக வேண்டும்.

வாம்பிரில் தேர்ந்தெடுக்க யாருமே இல்லை, உண்மைதான். 1918, விஷக்காய்ச்சல் பரவிய லண்டன், காட்டேரியாகிவிட்ட ஜொனாதன் ரீட் என்ற டாக்டர். எல்லோருக்கும் அதே ரீட்தான். ஆனால் அந்த ஊரில் அறுபதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் பெயரோடும் கதையோடும் இருக்கிறார்கள். யார் ரத்தத்தைக் குடித்தாலும் பலம் கூடும். அவர்களோடு பேசி, ரகசியங்களைத் தெரிந்துகொண்டு, நோய்க்கு மருந்தும் கொடுத்தால் அவர்கள் ரத்தத்தின் மதிப்பு ஏறும். அதாவது, யாரை நன்றாகத் தெரியுமோ அவரைக் கொல்வதில்தான் லாபம் அதிகம். யாரையும் தொடாவிட்டால் சண்டைகளில் அடி வாங்கியே சாக வேண்டும். டாக்டர் கையில் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அதற்காக அதன் சண்டைகளைப் புகழ மாட்டேன், சுமார்தான்.

2025-இல் வந்த ‘பிளட்லைன்ஸ் 2’-இலும் குலங்கள் உண்டு. ஆனால் எந்தக் குலத்தை எடுத்தாலும் நாயகப் பாத்திரம் ஃபயர் என்ற அதே நானூறு வயதுக் காட்டேரிதான். குலம் மாறினால் முக்கியமாக மாறுவது சண்டைத் திறன்கள். இதையும் நீங்கள் வாம்பிருக்கு மேலே வைத்திருக்கிறீர்கள்!

கட்டுரையாளர் வாம்பிரை முதல் சில மணி நேரத்தோடு நிறுத்திவிட்டாரோ என்று சந்தேகம். துறைமுகப் பகுதியில் தாயோடு வசிக்கும் ஒரு தொடர் கொலைகாரன் வருவான். ‘இவனைக் குடித்தால் என்ன தப்பு?’ என்று குடித்துவிட்டேன். அப்புறம்தான் அந்த அம்மா ஞாபகம் வந்தது. முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, அதாவது பழைய சேவுக்குத் திரும்பலாம் என்றால், இந்த கேம் தானாகவே ஒரே சேவில் எழுதிக்கொண்டு போகும், பின்னால் போக வழியே இல்லை. அந்த இடம் வரைக்குமாவது அவரை ஆடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை