மருந்துக்கடை நடத்துபவர்களுக்கும் ஃபார்மசிஸ்டுகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடைக்காரர்களுக்கும், கவுன்டரில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 63 வயது. பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் மட்டும் கிளிமிபிரைடு. போன வருடம் மாத்திரை வாங்க ஒரு மெடிக்கலுக்குப் போனவர், கூடவே பச்சை மூடி போட்ட ஒரு டப்பாவும் வாங்கி வந்தார். நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய் எல்லாம் சேர்த்து அரைத்த பொடி. "சுகருக்கு நல்லா கேக்குதும்மா, நிறைய பேர் வாங்குறாங்க" என்று கடையில் சொன்னார்களாம். டப்பாவுக்குள் ஒரு சாப்பாட்டுச் சீட்டும் இருந்தது. சர்க்கரை போட்ட டீ கூடாது, இரவில் சோறு கூடாது, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அம்மா எழுத்துப் பிசகாமல் செய்தார். மூன்றாவது வாரம் வெறும் வயிற்றில் பார்த்தபோது 150 இருந்த சர்க்கரை 118க்கு வந்திருந்தது. நடந்ததும் டீயை விட்டதும் அம்மாதான், ஆனால் பெயர் பொடிக்குப் போய்விட்டது.

அப்புறம் எங்கள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து, செருப்பு கடித்த புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனோம். முந்தைய முறை 7.4 சதவீதம் இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 10.8 ஆகியிருந்தது. டாக்டர் கேட்ட பிறகுதான், அம்மா தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை விஷயத்தைச் சொன்னார்.

அந்தக் கடைக்காரர் மேல் பழி போட இதை எழுதவில்லை. டாக்டரை அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார், அதுவும் ஐந்து நிமிடம். உங்களை மாதாமாதம் பார்க்கிறார். வீட்டில் எங்களிடம் மறைப்பதைக்கூட உங்களிடம் சொல்வார். மருந்து வாங்க வருபவருக்கு விளக்கம் சொல்வது ஃபார்மசிஸ்டின் வேலை என்று 2015ஆம் ஆண்டு வந்த மருந்தியல் தொழில் விதிமுறைகளும் சொல்கின்றன. அதனால்தான் டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தப் பொடிகளாலும் சத்து மாத்திரைகளாலும் சர்க்கரை குறையுமா? கொஞ்சம் தேடிப் படித்தேன். சிறுகுறிஞ்சான் நம் ஊர் இலை, மென்றால் நாக்கில் இனிப்பே தெரியாது. 1990இல் சென்னையில் அதன் சாற்றை 22 பேருக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேலாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேர் தங்கள் மாத்திரையை விடும் அளவுக்குச் சர்க்கரை குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் எல்லோரும் டாக்டர் கண்காணிப்பில், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். ஐந்து பேர் விட்டார்கள் என்றால் பதினேழு பேர் விடவில்லை. வெந்தயத்தை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆராய்ந்தபோது ஒரு நாளைக்கு 25 கிராம், 100 கிராம் என்று கொடுத்தார்கள். ஒரு ஸ்பூன் வெந்தயம் நாலைந்து கிராம்தான். லவங்கப்பட்டையை வைத்து நடந்த பத்து ஆய்வுகளை 2012இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரைக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். வைட்டமின் டி? சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. தினம் 4,000 யூனிட் சாப்பிட்டவர்களிடமும் நோய் வருவது சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. குரோமியம் என்ற தாதுச்சத்தையும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பதில்லை.

சர்க்கரை ஏறுவது மட்டும்தான் பயம் என்று நினைத்தேன், அதுவும் சரியில்லை. 2008இல் சிங்கப்பூரில், ஆண்மைக்கு என்று விற்ற போலி மாத்திரைகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், நாலு பேர் இறந்தார்கள். கிளிபென்கிளமைடு சர்க்கரை வியாதிக்கான மாத்திரை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொடி மூன்றே நாளில் "கேட்கிறது" என்று யாராவது சொன்னால், அதிலும் இப்படி ஏதாவது கலந்திருக்குமோ என்று உங்களுக்கே சந்தேகம் வர வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அம்மாவுக்கு ரொம்ப நாளாக உள்ளங்காலில் மதமதப்பு, இரவில் எரிச்சல். சர்க்கரையால்தான் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். டாக்டர் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார், மிகவும் குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாமாம். அதிலும் அம்மா சைவம். ஊசி போட்டு, பிறகு மாத்திரையும் எடுத்து, இப்போது எரிச்சல் பெரும்பாலும் இல்லை. பி12 ரத்தச் சர்க்கரையைக் குறைக்காது, குறைந்திருந்த சத்தை ஈடுகட்டும், அவ்வளவுதான். ஆனால் பதினோரு வருடம் மெட்ஃபார்மின் வாங்கியவரிடம் "பி12 பார்த்தீங்களாம்மா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உங்கள் கடைச் சுவரில் "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்ற போஸ்டர் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1954ஆம் ஆண்டு சட்டப்படி சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. லேபிளும் நோட்டீஸும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். ஹெல்த் சப்ளிமென்ட் டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட்டாக வேண்டும். எங்கள் டப்பாவிலும் இருந்தது, அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஒரு வரியை நீங்கள் தமிழில் படித்துக் காட்டியிருந்தால் போதும்.

பொடியை விற்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கும் வாடகை, சம்பளம் எல்லாம் இருக்கிறது. சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து எழுதிக்கொடுப்பது வேறு விஷயம். சீட்டு இல்லாமல் வந்து டப்பா கேட்பவரிடம், பில் போடும் முன்னால், "மாத்திரை சாப்பிடுறீங்களா? நிறுத்தலையே?" என்று கேளுங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்கியவர் இரண்டு மாதம் பொடி மட்டும் வாங்கினால் ஏன் என்று விசாரியுங்கள். நாங்கள் கேட்டால் அம்மா மழுப்புவார். நீங்கள் கேட்டால் உண்மையைச் சொல்வார்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்