வெறுங்கையோடு வந்த வாரத்திற்காக

அன்புள்ள குழுத் தோழியருக்கு,

நம் குழுவின் வாக்கில் நான் வாங்கிய கடனின் கடைசித் தவணையை நேற்றுக் கட்டிவிட்டு, கணக்கு முடிந்ததாகக் கையெழுத்திட்ட கடன் அட்டையை வாங்கி வந்தேன். நடந்தவை உங்களுக்குத் தெரியும். அவற்றை மறுபடி சொல்லும் தெம்பு இன்னும் வரவில்லை.

என் பங்கைச் சேர்த்துக் கட்டியவர்கள், தையல் இயந்திரத்தை விற்கவிடாமல் தடுத்தவர்கள், வாக்குக் கொடுத்திருந்த துணிகளைத் தம் வீட்டில் தைத்துக் கொடுத்தவர்கள், தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டிக்கப் பேசிய கள அலுவலர் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

எனினும் கணக்கு எழுதும் அக்கா செய்ததைத் தனியே சொல்ல வேண்டும். தவணைக்குப் பணமில்லாத மூன்றாவது வாரம், கூட்டத்துக்குப் போவதில்லை என்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பதிவேட்டை இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "கிளம்பு, நேரமாகிறது" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் என்னைப் பக்கத்தில் அமர்த்தி, பெயர்களை வாசிக்கச் சொன்னார். என் பெயர் வந்ததும் குரல் எழவில்லை. பேனாவை என் கையில் கொடுத்து, "இந்த வாரம் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைப் படி" என்றார். நான் எழுதினேன், படித்தேன்.

அன்று மாலையே வீட்டுச் செலவையும் தொழில் வரவையும் இரண்டு பத்தியாகப் பிரித்துக் காட்டினார். இந்தக் கடனை அடைக்க வேறோர் இடத்தில் 12 விழுக்காட்டுக்கு வாங்கவிருந்தேன். குறைந்துவரும் நிலுவைக்கு அல்லாமல் வாங்கிய தொகை முழுவதற்குமே கடைசிவரை வட்டி போடுவார்கள் என்பதால், ஓராண்டு மாதத் தவணையில் அது உண்மையில் 21 விழுக்காட்டைத் தாண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டியிராவிட்டால், இன்று இரண்டு கடன்களோடு நின்றிருப்பேன்.

வங்கதேசத்தில் 1976இல் முகமது யூனுஸ் தொடங்கி, 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்த முயற்சி, அடகு வைக்க ஏதுமில்லாத பெண்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்துக் கடன் கொடுத்தது. நிலமும் நகையும் இல்லாத எனக்குக் கடன் கிடைத்ததும் உங்கள் வாக்கை நம்பித்தான். ஆனால் ஒருத்தி இடறும் வாரத்தில் அந்த வாக்கே அவள் கழுத்தை இறுக்கவும் கூடும். தவணை தவறியவளை மற்றவர்கள் ஏசுவதையும், அவள் ஊரைவிட்டே ஒதுங்கிப்போவதையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த வங்கியே 2000களின் தொடக்கத்தில் தன் விதிகளைத் திருத்தி, இடறியவர்கள் தவணையை மாற்றியமைத்துக்கொள்ள வழிவிட்டது. விதி வழிவிட்டாலும், வெட்கத்தில் முடங்கியவளை எழுப்ப ஒருவர் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது.

பதிவேடு எழுதக் கற்றுத்தர அக்கா சம்மதித்திருக்கிறார். அடுத்த வாரம் முதல், கூட்டத்துக்கு வராதவர்களின் வீட்டுக்குப் போய் அழைத்துவரும் பொறுப்பை எனக்குத் தாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்களில் ஒருத்தி