பாப்பாவுக்கு, அந்தக் கேசட் விஷயமாக

பாப்பா,

நேற்று போனில், பழைய நின்டெண்டோ கேம் மெஷினுக்காகச் சிலர் இப்போது கையால் செய்து விற்கப்போகிற அந்தப் புதுக் கேம் கேசட் பற்றி ஆசையாகப் பேச ஆரம்பித்துவிட்டு, "சரி விடுங்கப்பா, உங்களுக்கு இது சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும்" என்று பாதியில் நிறுத்திவிட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நானும் பேச்சை வளர்க்கவில்லை. ஆனால் ராத்திரி பூரா அதே நினைப்பு. எனக்கு அது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியவே இல்லை. முப்பது வருஷம் டவுன் ஹால் ரோட்டில் டிவியும் டேப்பும் பிரித்து மாட்டியவன் நான். நீ காத்திருக்கிற சாமானுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் எனக்கே ஆசை வருகிறது. போனில் விட்டதை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

முதலில் உன் தம்பி கேட்ட கேள்வி. "அந்தக் கேம் எல்லாம் நெட்டில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாமாமே, அக்கா எதுக்கு மாசக்கணக்கில் காத்திருந்து காசு குடுத்து வாங்கணும்?" என்றான். நான் அவனிடம் சொன்னது இதுதான்: கல்யாணப் பாட்டை போனில் கேட்கலாம், அதற்காக நாதஸ்வரக்காரரை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்த நின்டெண்டோ மெஷின் அது. அமெரிக்காவுக்கு 1985-இல் போனது, ஜப்பானில் 2003 வரைக்கும் தயாரித்தார்கள். அதன் நினைவகம் மொத்தம் 2 கேபி, அதாவது சுமார் இரண்டாயிரம் பைட், படத்துக்கு என்று தனியாக இன்னொரு 2 கேபி. தமிழில் ஒரு எழுத்துக் குறிக்கு மூன்று பைட் ஆகும் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு பத்தியைக்கூட அந்த மெஷினால் முழுசாக நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குள் ஒரு மனுஷன் ஓடி, குதித்து, சுட்டு, பாட்டும் ஒலிக்க வேண்டும் என்றால் எழுதுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கணும்! அப்படி எழுதினவர்கள், அது நிஜமான மெஷினில், நிஜமான பொத்தான் அழுத்தி ஆடப்படணும் என்று ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு.

நீ அனுப்பிய, கேசட்டுக்குள் இருக்கிற போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சால்டரிங் சுத்தமாக இருக்கிறது, கையால் செய்ததுதான், இரண்டு இடத்தில் ஈயம் கொஞ்சம் தூக்கலாக நிற்பதை வைத்தே சொல்லிவிடலாம். முன்பெல்லாம் இப்படி ஒரு கேம் எழுதுகிறவர்கள் பழைய கேசட்டை வாங்கி, அதிலுள்ள ஐ.சி.யைக் கழற்றி எறிந்துவிட்டுத் தங்களுடையதைப் பொருத்தினார்கள் என்று சொன்னாயே, அது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்கவைப்பது நல்ல வேலை இல்லை. இப்போது போர்டும் புதுசு, மேல்கூடும் புதுசு என்பதில் எனக்குச் சந்தோஷம். ஓரத்தில் எட்டுக் கால் உள்ள ஒரு குட்டி ஐ.சி. இருக்கிறதே, அதுதான் பூட்டைத் திறக்கிற சாவியாக இருக்கணும். அந்த மெஷினின் நகலாக வந்த நம் ஊர் டிவி கேமில் பூட்டே கிடையாது, எந்தக் கேசட்டையும் வாங்கிக்கொள்ளும். உன்னிடம் இருக்கிற அமெரிக்க மெஷின் கேசட்டிடம் அடையாளம் கேட்கும், சரியான பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அணைந்து எரியும்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். மஞ்சள் கேசட் ஞாபகம் இருக்கிறதா?

1998-இல் ரிச்சி தெருவுக்கு ஸ்பேர் வாங்க மெட்ராஸ் போனவன், வரும் வழியில் பர்மா பஜாரில் அதை வாங்கினேன். மேலே 9999 இன் 1 என்று கொட்டை எழுத்து. நீ நாலாம் வகுப்பு. அன்றைக்கு ராத்திரி டயனோரா டிவியின் பின்னால் கேபிளைச் செருகி, அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்துக் கொடுத்ததும், நீ ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து உட்கார்ந்தாய். நம்பர் போட்டு ஒவ்வொரு கேமாகப் போட்டுப் பார்த்து பெயர் எழுதினாய். 1 மரியோ, 2 காண்ட்ரா, 3 ரோடு ஃபைட்டர், 4 சர்க்கஸ் என்று அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நாள் சாயங்காலம் நான் கடையை அடைத்துவிட்டு வரும்போது பேசாமல் நோட்டை நீட்டினாய். அதில் "33 = 1" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே "34 = 2, ஆனா ரெண்டாவது ஸ்டேஜ்". அதற்குக் கீழே இப்படியே ஒன்றரைப் பக்கம். "அப்பா, மீதி கேம் எல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாய்.

எல்லாக் கேசட்டும் அப்படித்தான், இருக்கிறதை விளையாடு என்று அதட்டிவிட்டேன். அன்றைக்குக் கடையில் ஒரு கஸ்டமரோடு சண்டை, அந்த எரிச்சல். நீ அழவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டாய். அப்புறம் அந்த நோட்டை நீ எடுக்கவே இல்லை.

நீ காலேஜ் போன பிறகு ஒருநாள் அந்தக் கேசட்டைப் பிரித்தேன். உள்ளே ஐ.சி. என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை, போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு தார்ச்சொட்டு மாதிரி உறைந்த எப்பாக்ஸி, அவ்வளவுதான். மெனுவில் வரி எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொரு வரியும் அதே கேமைத்தான் கூப்பிடும், தொடங்குகிற ஸ்டேஜையோ உயிரின் எண்ணிக்கையையோ மட்டும் மாற்றிவிடும். அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று. பல கேமில் முகப்பில் இருக்க வேண்டிய கம்பெனி பெயரை அழித்திருந்தார்கள். யாரோ ராப்பகலாக உட்கார்ந்து செய்தது, அவர்கள் பேர் இல்லாமல், நம் வீட்டுக்கு வந்து, உன்னையும் ஏமாற்றியது. அதை வாங்கி வந்தவன் நான். உன் கேள்வி சரியான கேள்வி. ஒன்பது வயசில் 33-ஆம் நம்பர் வரைக்கும் பொறுமையாகச் சரிபார்த்துக் கண்டுபிடித்த பிள்ளையை நான் மெச்சியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்துத்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

அதனால்தான் நீ போன வருஷம் ஆக்‌ஷன் 53 பற்றிச் சொன்னது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. 1991-இல் அமெரிக்காவில் ஆக்‌ஷன் 52 என்று ஒரு கேசட், ஒன்றுக்குள் 52 கேம், விலை 199 டாலர், உள்ளே பாதிக்கு மேல் அரைகுறை, சிலது தொடங்கவே தொடங்காது. நம் மஞ்சள் கேசட்டுக்கு ஒரு பணக்கார அண்ணன் போல. அதே பெயரில் ஒன்றைக் கூட்டி, இருபது வருஷம் கழித்து 2012-இல், பொழுதுபோக்காக இதை எழுதுகிறவர்கள் தங்கள் சொந்தக் கேம்களைச் சேர்த்து ஒரே கேசட்டாகப் போட்டார்கள் என்றாய். பழைய கேசட்டில் உருப்படாமல் கிடந்த ஸ்ட்ரீமர்ஸ் என்ற கேமை ஒருவர் ரசித்து முதலில் கணினிக்குப் புதிதாகச் செய்ய, இன்னொருவர் அதை அந்தப் பழைய மெஷினுக்கே திரும்பக் கொண்டுவர, அதுவும் இந்தக் கேசட்டில் ஏறியது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கெட்டுப்போன செட்டைக் குப்பையில் போடாமல் பிரித்துப் பார்த்து ஓடவைப்பதுதானே நம் வேலை.

அதன் மெனுவை நீ வீடியோவில் காட்டினாய். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டிப் படம், செய்தவர் பெயர், வருஷம், எத்தனை பேர் ஆடலாம் என்ற விவரம். அந்தப் பெயர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உன் நோட்டு ஞாபகம் வந்தது. எண்ணிக்கை 9999 இல்லை, ஆனால் சொன்னது அத்தனையும் உள்ளே இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறார்.

எப்படி அத்தனையும் ஒன்றுக்குள் அடைக்கிறார்கள் என்று நீ விளக்கியதைத் திரும்ப என் பாஷையில் சொல்கிறேன், சரியா பார். மெஷினுக்கு ஒரு நேரத்தில் கேசட்டின் 32 கேபிதான் கண்ணுக்குத் தெரியும், ஒரு ஜன்னல் மாதிரி. உள்ளே 512 கேபி இருந்தால் பதினாறு அறை. எந்த அறையை ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவருவது என்பதை லாட்ச் என்கிற, சொன்ன நம்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு ஐ.சி. பார்த்துக்கொள்ளும். பழைய கேசட்டுகளில் அந்த வேலைக்கு 74161 என்ற ஐ.சி. இருந்தது என்றாய், அது என் டப்பாவில் இன்றைக்கும் நாலைந்து கிடக்கிறது! ஒவ்வொரு கேமும் தனித்தனி ஆள், தனித்தனி பழக்கத்தில் எழுதியது, எல்லோருடையதும் ஒரே லாட்சுக்கு ஒத்துப்போகணும் என்பதற்காகவே அந்தக் கேசட்டுக்கென்று புதிதாக ஒரு மேப்பர், அதாவது அறை மாற்றுகிற முறை ஒன்றை, வகுத்தார்கள். படங்களைச் சுருக்கி, எங்கே இடம் மிச்சமோ அங்கே செருகுகிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் விருந்தாளி வந்தால் பாய் போடுகிற மாதிரிதான். இப்போது வரப்போகிறதும் இதே வழியில் செய்தது என்றால், அவர்கள் தேதியைத் தள்ளிக்கொண்டே போவதற்குக் கோபப்படாதே. உன்னைப் போல் காத்திருக்கிறவர்கள் தினமும் "எப்போ, எப்போ" என்று கேட்கிறார்களாம். நாலு பேர் ஆபீஸ் வேலை முடித்து வந்து ராத்திரி சால்டர் பிடிக்கிற காரியம் அது. கொஞ்சம்தான் போடுகிறார்கள் என்றால் கை அவ்வளவுதான் எட்டுகிறது. அவசரப்பட்டால் சரியாகப் பிடிக்காத உலர் சால்டர்தான் வரும்.

அப்புறம், உன் மெஷினில் மரியோ பாட்டு வேகமாக ஓடுகிறது, ஏதோ கோளாறு என்றாயே. கோளாறு இல்லை பாப்பா. பரணிலிருந்து நம் பழைய டிவி கேமை இறக்கிப் பார்த்தேன், கிறிஸ்டலில் 26.601 என்று இருக்கிறது. அது நம் ஊர் PAL முறை டிவிக்குச் செய்தது, நொடிக்கு 50 படம். நீ இருக்கிற டொரண்டோவில் 60. பாட்டின் தாளம் படத்தின் கணக்கில்தான் ஓடும், அதனால் நாம் கேட்டது ஆறில் ஐந்து பங்கு வேகம், சுருதி மட்டும் ஏறக்குறைய அதேதான். ஜப்பான்காரர் போட்ட மெட்டை நீ இப்போதுதான் அவர் நினைத்த வேகத்தில் கேட்கிறாய். ஆனால் உனக்கு அந்த மெதுவான பாட்டுத்தான் சரியாகப் படும், எனக்கும் அப்படித்தான். இந்தப் புதுக் கேம் எழுதுகிறவர்களில் சிலர் எந்த மெஷினில் ஓடுகிறோம் என்று முதலிலேயே எண்ணிப் பார்த்து அதற்கேற்ப வேகத்தைத் திருத்துகிறார்களாம், ரஷ்யாக்காரர்கள் வைத்திருந்த டெண்டி என்ற நகல் மெஷின் வகையைக்கூட விடுவதில்லையாம். நம் பெட்டியும் அந்த வகைதான். அதாவது நம்மையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

சரி, வேலை விஷயம். செய்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுவிடு: கேம் பதிந்திருக்கிற ஃபிளாஷ் ஐ.சி. 3.3 வோல்ட்டா, 5 வோல்ட்டா? 3.3 என்றால் நடுவில் வோல்ட்டேஜ் மாற்றுகிற ஐ.சி. இருக்கிறதா? மெஷின் முழுக்க 5 வோல்ட்டில் ஓடுவது. மலிவான போர்டுகளில் நேராகக் கொடுத்துவிடுகிறார்கள், உடனே ஒன்றும் ஆகாது, நாள்பட மெஷினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவு அக்கறையாகச் செய்கிறவர்கள் இதையும் பார்த்திருப்பார்கள், ஆனாலும் கேள். கேசட் படியவில்லை என்றால் வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் கேசட்டின் கால்களை அரிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் தொட்டு ஒரே பக்கமாகத் துடை.

உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தால் பின்னால் நல்ல விலை போகும் என்று யாரோ சொன்னார்கள் என்றாய். வேண்டாம். வந்த அன்றைக்கே பிரி. பொங்கலுக்கு வரும்போது அதையும் எடுத்து வா, உன் கேசட்டின் 72 காலை நம் பெட்டிக்கேற்ற 60 காலாக மாற்றுகிற கன்வெர்டர் ஒன்று வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை. நம் பெட்டியில் கண்டென்சர் எல்லாம் மாற்றிவிட்டேன், படம் சுத்தமாக வருகிறது, ஒரு ரிமோட்டில் மட்டும் வலது பக்கப் பொத்தான் கொஞ்சம் அமுக்கி அழுத்தணும். அந்த நாற்பது பக்க நோட்டும் பரணிலேயே கிடைத்தது. கறையான் அட்டையை மட்டும் தின்றிருக்கிறது, உள்பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது, பின்னால் பதினோரு பக்கம் காலி.

சனிக்கிழமை உனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆர்டர் திறக்கும் என்றாய், இங்கே விடியற்காலை மூன்றரை. அலாரம் வைத்துவிட்டேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உடனே போன் பண்ணு, எடுக்கிறேன். அம்மாவுக்குத் தூக்கம் கலையாமல் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

அப்பா